வாளின் ஊர் எது? கைப்பிடியைப் பாருங்கள்

பழைய ஆப்பிரிக்க வாள் ஒன்று கையில் கிடைத்தால் நம் கண் முதலில் போவது அலகின் மேல்தான். ஆனால் வாள் எந்த வட்டாரத்துடையது என்று கண்டுபிடிக்க அலகை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

சூடானின் கஸ்காராவையும் சஹாராவின் துவாரெக் மக்கள் வைத்திருந்த தகூபாவையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே நேரான, இருபுறமும் கூரான வாள்கள். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் அடித்த அலகுகள் இரண்டிலும் உண்டு. வணிகர்கள் வெறும் அலகைக் கொண்டுவந்து விற்பார்கள். கைப்பிடியும் உறையும் உள்ளூரில் செய்தவை. அதனால்தான் அலகிலிருந்து வணிகப் பாதை தெரியும், கைப்பிடியிலிருந்து ஊர் தெரியும்.

சரி, அலகில் இருக்கும் முத்திரை? பிறை நிலாவும் ஓடும் ஓநாயும் ஐரோப்பியப் பட்டறைகளின் அடையாளங்கள். நல்ல எஃகு என்று பெயர் வாங்கியவை என்பதால் உள்ளூர்க் கொல்லர்களும் பிறையைத் தங்கள் அலகில் பொறித்தார்கள். ஆகவே முத்திரையைவிட, அலகின் நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளங்களை உற்றுப் பார்ப்பது நல்லது. உள்ளூரில் கையால் வெட்டியவை பெரும்பாலும் சற்றுக் கோணலாக ஓடும்.

இப்போது கைப்பிடி. பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்க இருப்பது குறுக்குக் காப்பு. கஸ்காராவில் அது இரும்புச் சிலுவை போல இருக்கும். பக்கவாட்டுக் கைகள் நுனியில் விரியும். கீழ்க்கை அலகின் மேல் படிந்திருக்கும். பிடியின் முடிவில் தட்டையான வட்டக் குமிழ். தோல் உறை நுனிக்குச் சற்று முன்னால் இலை போல அகன்று குறுகும். இந்த உறை கூடவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. தகூபாவின் காப்போ தடித்த, அகலமான பட்டை. தோலாலோ பித்தளைத் தகட்டாலோ மூடியிருக்கும்.

சில வாள்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. எத்தியோப்பியாவின் ஷோடெல் அரிவாளைப் போல வளைந்தது, எதிரியின் கேடயத்தைச் சுற்றிக் குத்துவதற்காக. அல்ஜீரியக் கபைல் மக்களின் ஃப்ளிஸ்ஸா ஊசிமுனையும் அலகில் பதித்த பித்தளை வேலைப்பாடும் கொண்டது. கென்யா, தான்சானியா மாசாய் மக்களின் செமே நுனிப்பக்கம் அகலும், காப்பே கிடையாது.

கிடைத்த இடத்தைச் செய்த இடமாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்துர்மான் போர்க்களத்தில் பிரிட்டிஷார் அள்ளிச் சென்றவற்றில் கஸ்காராக்கள் ஏராளம். அங்கே அவர்களை எதிர்த்துப் போரிட்டவர்களோ மேற்கே டார்ஃபூரிலிருந்து கிழக்கே செங்கடல் மலைகள் வரை பல இடங்களிலிருந்து வந்தவர்கள். ‘ஓம்துர்மான்’ என்று சீட்டு ஒட்டிய வாளையும் மறுபடி கைப்பிடியிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.