எல்லை தாண்டிக் கள்ளு குடித்தாலும் பிரிவு 185 தான்

பொள்ளாச்சிப் பக்கம் கள் இறக்கத் தடை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய்விட்டால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரமெல்லாம் கள்ளுக்கடைதான். ஞாயிறு மத்தியானம் அங்கே நிற்கிற பைக்குகளில் பொள்ளாச்சியின் டி.என். 41 நம்பர் தாராளமாகத் தென்படும். "கள்ளுதானே, இதற்கெல்லாம் கேஸா?" என்று வண்டியை எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுக்குக் கள், பீர், பிராந்தி எல்லாம் ஒன்றுதான். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது 2019 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. அதற்கு முன் முதல் அபராதம் வெறும் 2,000. மத்தியச் சட்டம் என்பதால் எல்லையிலுள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதமில்லை. லைசென்ஸையும் முடக்கலாம். பின்னால் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகாது, எடுடா" என்று தூண்டியவர் மீதும் 188-வது பிரிவில் வழக்குப் போட இடமுண்டு.

ஹெல்மெட் ஃபைன் போல ரோட்டிலேயே கட்டி முடிக்கிற விஷயமல்ல இது. கோர்ட்டுக்குப் போகும், அதுவும் பிடிபட்ட இடத்துக் கோர்ட்டுக்கு. கொழிஞ்சாம்பாறையில் மாட்டிய கிணத்துக்கடவுக்காரர் வேலையை விட்டுவிட்டுச் சித்தூருக்கு அலைய வேண்டியதுதான்.

மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியில் ஊத மாட்டேன் என்றால்? சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கும். ஆனால் கைதான 2 மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லையோரக் கிராமத்தில் ஆளைப் பிடித்து, ஜீப்பில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரைத் தேடுவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். பல கேஸ்கள் அங்கேயே பலவீனமாகின்றன.

கருவியிலும் சிக்கல் உண்டு. ஆளை ஊதவைப்பதற்கு முன் அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்பதால் ஒரு வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் ரத்து செய்தது. அதே ஆண்டு பந்தளத்தில் பலாச்சுளை சாப்பிட்ட கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசு பஸ்) டிரைவர்கள் ஊதியபோதும் கருவி 'குடித்திருக்கிறார்' என்றே காட்டியது! அதனால் சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், கருவி தரும் ஸ்லிப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை இட்டேரிகள், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகள். செக்போஸ்ட்டில் சோதனை என்றால் வாட்ஸப்பில் தகவல் பறக்கும். வண்டிகள் தோப்புக்குள் இறங்கி அடுத்த மாநிலத்தில் ஏறும். துரத்திப் போய்ப் பிடிக்கச் சட்டம் தடுக்கவில்லை. ரெண்டு ஏட்டை வைத்துக்கொண்டு எத்தனை தோப்புக்குள் போவது?

அப்புறம், காலையில் வண்டி எடுப்பவர்களுக்கு: 100 மில்லி ரத்தத்திலுள்ள ஆல்கஹாலில் உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். ராத்திரி 11 மணிக்கு 160 இருந்தால் காலை 7 மணிக்கும் 40 இருக்கும். மோர் குடித்தாலும் குளித்தாலும் அது இறங்காது. விபத்தானால் சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் பிறகு உங்களிடமே வசூலிக்க வரலாம்.