044 ஏன் 36 ஆகிறது?

சென்னை ரிச்சி தெருவில் மின்னணு உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்கு வெப்சைட் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடையின் எஸ்.டி.டி. கோடை, கான்ஃபிக் கோப்பில் (நிரலுக்கு வேண்டிய அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) யாமல் என்ற எழுத்துவடிவில் 044 என்று எழுதுகிறோம். பைத்தான் நிரல்மொழியில் பலரும் பயன்படுத்தும் பையாமல் என்ற ஆயத்த நிரல் நூலகம் அதைப் படித்துவிட்டு, நம் நிரலிடம் 36 என்று கொடுக்கிறது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வாடிக்கையாளர் யாராவது போன் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

யாமல் 1.1 விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டுமே உள்ள எண், எட்டை அடிமானமாகக் கொண்ட எண். 4×8+4, ஆக 36. இதே கணக்கில் மும்பையின் 022 என்பது 18 ஆகிவிடும், டெல்லியின் 011 என்பது 9. பெங்களூரின் 080 மட்டும் தப்பிக்கிறது. அதில் 8 இருப்பதால் அது எட்டடிமான எண்ணாக இருக்க முடியாது, வெறும் எழுத்தாகவே விடப்படுகிறது. பெங்களூர் கிளையின் எண்ணை வைத்துச் சோதித்தவர், எல்லாம் சரி என்று நம்பி சென்னைக்கு அனுப்பிவிடுவார். கடை திறக்கும் நேரத்தை 9:30 என்று எழுதினால் அதுவும் அறுபதின் கணக்கில் 570 ஆகும். 2009இல் வந்த யாமல் 1.2 இந்த விதிகளை மாற்றிவிட்டது. பையாமல் இன்னமும் 1.1 வழியிலேயே போகிறது. மதிப்பை மேற்கோள்குறிக்குள் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் போட வேண்டும் என்று யார் சொல்வார்கள்? நிரலில் தவறு செய்தால், அதை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் கத்தும். கான்ஃபிக் கோப்புக்கு அப்படி ஒரு காவலாள் இயல்பாகக் கிடையாது. கான்ஃபிக்குக்கான கருவிகள் எல்லாம் அந்தக் காவல் வேலையைத்தான் பார்க்கின்றன.

கான்ஃபிக்கை நிரலிலிருந்து பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே நிரல் பெருங்குடியில் ஒருவர் மடிக்கணினியிலும், சோதனை சர்வரிலும், மும்பை டேட்டா சென்டரிலும் ஓட வேண்டும். டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு, பணப் பரிவர்த்தனைச் சாவி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வலைச் செயலிகளை இயக்கித்தரும் ஹெரோக்கு நிறுவனத்தார் 2011 வாக்கில் தொகுத்த ‘ட்வெல்வ் ஃபாக்டர்’ வழிமுறை இதற்கு ஒரு நல்ல சோதனை வைக்கிறது: உங்கள் நிரலை இந்த நிமிடமே பொதுவில் திறந்துவைத்தால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா? போகும் என்றால் கான்ஃபிக் இன்னும் பிரியவில்லை.

அந்த வழிமுறை சொல்லும் தீர்வு, சூழல் மாறிகள். 1979இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த பழைய ஏற்பாடு அது. ஒரு புரோகிராமை இயக்கும்போது, பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியலின் நகல் அதன் கையில் கொடுக்கப்படுகிறது. மடிக்கணினியில் இந்தப் பட்டியலை ‘டாட் என்வ்’ கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: சூழல் மாறியில் எழுத்து மட்டுமே இருக்கும், எண்ணோ ஆம்/இல்லையோ கிடையாது. பைத்தானின் வெப் கட்டமைப்பான ஜாங்கோவில், பிழை விவரங்களைக் காட்டும் டிபக் என்ற மாறிக்கு ஃபால்ஸ் (இல்லை) என்று கோப்பில் எழுதி, ஆம்/இல்லையாக மாற்றும் பைத்தானின் பூல் சார்பில் கொடுத்தால் விடை ட்ரூ (ஆம்). காலியாக இல்லாத எந்த எழுத்துச்சரமும் பைத்தானுக்கு ட்ரூதான். விளைவு, நேரடி சர்வரில் டிபக் இயங்கும். பிழை வரும்போதெல்லாம் நிரலின் உள்விவரங்கள் யார் கண்ணுக்கும் படும்படி திரையில் விரியும்.

ஜாங்கோ என்விரான், பைடான்டிக் செட்டிங்ஸ் போன்ற கருவிகள் இந்தப் பள்ளத்தை அடைக்கின்றன. எந்த மாறி எண், எது ஆம்/இல்லை, எது கட்டாயம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறோம். சர்வர் எழும்போதே அவை ஒவ்வொன்றையும் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் ஓட மறுக்கின்றன. இந்த மறுப்பைத்தான் நான் மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். காலையில் எழ மறுக்கும் சர்வரைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். தப்பான மதிப்போடு ஓடிக்கொண்டே இருக்கும் சர்வர் என்னென்ன கெடுத்தது என்று தேட வாரக்கணக்கில் ஆகும்.

நேரமண்டலம் இதற்கு நல்ல உதாரணம். உலக நேரமண்டலப் பட்டியலில் இந்தியாவுக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ மட்டுமே உண்டு. ஜாங்கோவில் யாராவது ஊர்ப்பாசத்தில் ‘ஆசியா/சென்னை’ என்று எழுதினால், லினக்ஸ் சர்வரில் அது தொடக்கத்திலேயே தவறு என்று சொல்லி நின்றுவிடும். இன்னொரு வெப் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸில் ‘சென்னை’ என்றே எழுதலாம். அது தன் உள்பட்டியலில் பார்த்து ஆசியா/கொல்கத்தாவாக மாற்றிக்கொள்ளும். இரண்டும் நல்ல நடத்தைதான். எது சரி, எது தப்பு என்று இரண்டுக்குமே தெரிந்திருக்கிறது.

அடுத்த சிக்கல் அடுக்குகள். ஜாவா மொழிக் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் ஒரே மதிப்பைப் பொதுக் கோப்பில் எழுதலாம், சூழலுக்கான தனிக் கோப்பில் எழுதலாம், சூழல் மாறியில் வைக்கலாம், இயக்கும் கட்டளையிலும் தரலாம். பின்னது முன்னதை மீறும். கோப்பைத் திருத்தியும் மாற்றம் தெரியவில்லை என்றால், அநேகமாக மேலடுக்கில் ஒன்று அதை மறைத்துக்கொண்டிருக்கும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான். ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்புப் பகுதியான ஆக்சுவேட்டர், ஒவ்வொரு மதிப்பும் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும். ஜாங்கோவின் டிஃப்செட்டிங்ஸ் கட்டளை, இயல்பு மதிப்பிலிருந்து எதெல்லாம் மாறியிருக்கிறது என்று பட்டியலிடும். பிஎச்பி மொழிக் கட்டமைப்பான சிம்ஃபனியில் டிபக் டாட்என்வ் உண்டு. அதிகம் கேட்கப்படாத கட்டளைகள் இவை. கேட்காமலே மணிக்கணக்கில் கோப்பு கோப்பாகத் தேடுகிறோம்.

இன்னொரு பிஎச்பி கட்டமைப்பான லாராவெலில் இதற்கு இன்னொரு முகம். வேகத்துக்காக ‘கான்ஃபிக் கேஷ்’ கட்டளை எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். அதன் பிறகு டாட் என்வ் கோப்பு படிக்கப்படுவதே இல்லை. கான்ஃபிக் கோப்புகளுக்கு வெளியே, நிரலின் நடுவில் அந்த மாறியை நேராகக் கேட்டிருந்தால் வெறுமைதான் கிடைக்கும். மடிக்கணினியில் ஓடியது சர்வரில் விழுவதற்கு இது ஒரு வாடிக்கையான காரணம்.

எழுதும்போதே எடிட்டர் பரிந்துரை தருவதும் மாயமில்லை. ஸ்பிரிங் பூட்டில் கம்பைல் ஆகும்போது, எந்தெந்த அமைப்புகள் உண்டு, அவற்றின் வகை என்ன, இயல்பு மதிப்பு என்ன என்று ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரு கோப்பு உருவாகிறது. எடிட்டர் அதைப் படித்துத்தான் எழுத்துப்பிழையின் கீழ் கோடு போடுகிறது.

கடைசியாக ரகசியங்கள். ரெயில்ஸ் 5.2 (2018) முதல் சாவிகளை மறையாக்கம் செய்த ஒரே கோப்பில் வைத்து, அதை, நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமித்துவைக்கும் கிட்டிலேயே சேர்க்கலாம். அதைத் திறக்கும் மாஸ்டர் கீ மட்டும் வெளியே இருக்கும். மற்ற இடங்களில் டாட் என்வை, கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் போடுகிறோம். ஏற்கெனவே கமிட் ஆன (கிட்டில் பதிவான) கோப்பை அது தடுக்காது; கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். அப்படி ஒரு சாவி வெளியே போய்விட்டால், வரலாற்றைத் துடைக்க உட்காரும் முன் அந்தச் சாவியை வழங்கிய இடத்தில் ரத்து செய்து புதியது வாங்குங்கள். துடைப்பதற்குள் யாராவது நகல் எடுத்திருக்கலாம். ரத்தான சாவியை எத்தனை பேர் நகலெடுத்தாலும் அது எந்தக் கதவையும் திறக்காது.