ரிசர்வாயர் ஹோஸ்ட்: தேக்கமா, ஓம்பலா?

கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் தமிழும் கலந்துதான் பேச்சு, அதனால் எலிப்பனி, குரங்குப்பனி இரண்டும் அங்கே காதில் விழும். பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல். இரண்டு பெயரும் ஒரே அச்சு, ஆனால் எலிப்பனியில் எலி கிருமியைச் சுமந்துகொண்டு நன்றாகவே திரியும், குரங்குப்பனியில் குரங்கு நமக்கு முன்னால் செத்துவிழும். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் ரிசர்வாயர் ஹோஸ்ட் என்ற சொல்.

ரிசர்வாயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருப்பது லத்தீன் 'செர்வாரே', அதாவது காத்தல், வைத்திருத்தல். தண்ணீர் சேர்த்துவைக்கும் இடத்துக்குப் பெயராக இருந்தது, பிறகு கிருமி காலங்காலமாக நிலைத்திருக்கும் உயிரினத்துக்கும் ஆனது. (இயந்திர மொழிபெயர்ப்பிடம் விட்டால் வௌவால் ஒரு நீர்த்தேக்கம் ஆகிவிடும்.)

எலிப்பனியைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், எலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூத்திரத்தோடு வெளியே வந்து சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் கலந்து காலில் உள்ள கீறல் வழியாக நமக்குள் நுழையும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தது இதற்காகத்தான். குரங்குப்பனி வேறு கதை. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் அது, உண்ணிகளிலும் காட்டெலி போன்ற சிறு விலங்குகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்ணி கடித்த குரங்குக்குள் வைரஸ் பெருகும், குரங்கு செத்ததும் அதன் உடம்பிலிருந்த உண்ணிகள் இறங்கி அடுத்த உடம்பைத் தேடும், அந்த நேரத்தில் விறகு பொறுக்கப் போகிறவர் மாட்டிக்கொள்கிறார். பழி மட்டும் குரங்கின் பெயரில்.

சரி, எலிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? நெடுங்காலம் சேர்ந்து பரிணமித்ததால் என்பது பொதுவான பதில். மிக்சோமா வைரஸ் தென்னமெரிக்கக் காட்டு முயலுக்கு ஒரு சின்னக் கட்டி, அவ்வளவுதான். 1950-ல் ஆஸ்திரேலியாவில் பெருகிப்போன ஐரோப்பிய முயல்களை ஒழிக்க அதை அவிழ்த்துவிட்டபோது, தொற்றிய முயல்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. சில ஆண்டுகளிலேயே கொஞ்சம் வீரியம் குறைந்த வகைகள் மேலோங்கின, ஏனென்றால் முயல் சில நாளாவது உயிரோடு கிடந்தால்தான் கொசு அதைக் கடித்துக் கிருமியை எடுத்துப்போக முடியும். முயல்களுக்கும் தாங்கும் திறன் ஏறியது. இதைக் காட்டி 'எல்லாக் கிருமியும் நாளாக நாளாகச் சாதுவாகும்' என்கிறார்களே, அது தப்பு. மிக்சோமாவே முழுசாகச் சாதுவாகவில்லை. கிருமிக்கு வேண்டியது பரவல், நம் நலம் அதன் கணக்கிலேயே இல்லை.

தமிழுக்கு வருவோம். ஹோஸ்டுக்கு, அதாவது கிருமி தங்கும் உயிருக்கு, ஓம்புயிரி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'தேக்க ஓம்புயிரி' என்று எழுதலாம், புரியும். எனக்குத் தேக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அசையாமல் கிடப்பதுபோல ஒலிக்கிறது. எலிக் கூட்டத்தில் கிருமி புதுக் குட்டிகளுக்குத் தொற்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஓம்புதல் என்றாலே பேணிக் காத்தல், செர்வாரேவும் அதுதான். அதனால் 'நோயோம்பி' போதும் என்பேன்.

இதன் எதிர்முனை டெட் எண்ட் ஹோஸ்ட், முட்டுச்சந்து ஓம்புயிரி. குரங்குப்பனியில் மனிதர் அதுதான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. நிபா வைரஸ் அப்படியில்லை. அதன் நோயோம்பி பழந்தின்னி வௌவால்தான், ஆனாலும் 2018-ல் கோழிக்கோட்டில் பெரும்பாலோருக்கு அது தொற்றியது மருத்துவமனைகளில், இன்னொரு நோயாளியிடமிருந்து.