தாத்தாவுக்கு வயது 50ஆ? பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படிக்கும் விதம்

சிங்கப்பூரில் குடும்ப வரலாறு தேடுபவர்கள் முதலில் கேட்பது, "1931 கணக்கெடுப்பில் எங்கள் தாத்தா பெயர் இருக்குமா?" என்பதுதான். தேடிப் பயனில்லை. இங்கிலாந்தில் ஆட்களின் பெயர் எழுதிய 1921ஆம் ஆண்டு வீட்டுப் படிவங்களை 2022இல் திறந்துவிட்டார்கள். அங்கும் 1931 படிவங்கள் 1942இல் தீக்கு இரையாயின. சிங்கப்பூரில் நமக்கு வாய்ப்பவை கணக்கெடுப்பின் அச்சிட்ட அறிக்கைகள் மட்டுமே. இனம், வயது, பிறந்த இடம், தொழில் எல்லாம் எண்ணிக்கையாக இருக்கும். ஆள் பெயர் இருக்காது.

அப்படியானால் எதற்கு அவை? கையில் இருக்கும் மற்ற ஆவணங்களை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும்.

வயதையே எடுத்துக்கொள்வோம். பிறந்த தேதி தெரியாதவரிடம் வயது கேட்டால், "நாற்பது இருக்கும்" என்பார். அதனால் இத்தகைய கணக்கெடுப்புகளில் 30, 40, 50 வயதுக்காரர்கள் மலையாகக் குவிவார்கள். 29, 31, 41 பள்ளமாகக் கிடக்கும். இதை அளக்க விப்பிள் குறியீடு உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என முடியும் வயதுக்காரர்களை எண்ணி, 5ஆல் பெருக்கி, அந்த வயது வரம்பின் மொத்தத் தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். விடை 100 என்றால் குவிப்பே இல்லை. 500 என்றால் எல்லாரும் 0, 5 என முடியும் வயதாகவே சொல்லியிருக்கிறார்கள். 1,000 பேரில் 400 பேர் அப்படிச் சொன்னால் 200, அதாவது இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

ஆகவே 1935ஆம் ஆண்டு இறப்புச் சான்றிதழில் வயது 50 என்றிருந்தால், 1885 என்று எழுதி மூடிவிடாதீர்கள். 1880 முதல் 1890 வரை தேடுங்கள். 47 என்றிருந்தால் யாரோ கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். முன்னும் பின்னும் இரண்டாண்டு பார்த்தால் போதும். தகவல் கொடுத்தவர் யார் என்ற இடத்தையும் பாருங்கள். மகன் சொன்ன வயதும் பக்கத்து அறைக்காரர் சொன்ன வயதும் ஒன்றல்ல.

அடுத்த குழி இனப் பெயர். 1871இல் நம்மவர்கள் "கிளிங்" என்ற தலைப்பில் இருந்தார்கள். இன்று வசைச்சொல்தான், ஆனால் பழைய தாள்களைத் தேட அது தெரிந்தாக வேண்டும். 1891இல் "தமிழர்களும் பிற இந்தியக் குடிகளும்" என்று மாறியது. தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்களோ "ஜாவி பெக்கான்" என்ற பெயரில் மலாய்க்காரர் பிரிவில் போனார்கள். சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் இந்தியர் பட்டியலை மட்டும் புரட்டினால் பாதிக் கதை கைநழுவிவிடும்.

பிறந்த இடம் "மெட்ராஸ்" என்றிருப்பதைப் பார்த்துச் சென்னை நகரத்துக்கு டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு. அது பெரும்பாலும் மாகாணத்தைக் குறிக்கும். தஞ்சாவூரும் திருச்சியும் ராமநாதபுரமும் அதற்குள்தான்.

பெயரோடு கிடைப்பவை வேறு: பிறப்பு, இறப்புப் பதிவுகள், 1948இல் தொடங்கிய அடையாள அட்டை, சிங்கப்பூரின் பழைய பிடாடாரி கல்லறைப் பதிவேடுகள், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள். இவற்றில் எழுத்துப்பிழைதான் பெரிய எதிரி. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். "ழ" ஒருவரிடம் எல், இன்னொருவரிடம் இசட்எச், "சாமி" சுவாமியாகும், தந்தை பெயர் மகனின் குடும்பப் பெயராகிவிடும். தேடுபெட்டியில் முழுப் பெயரைத் தட்டாமல் முதல் நாலைந்து எழுத்தும் நட்சத்திரக் குறியும் போட்டுப் பாருங்கள். பிறகு தந்தை பெயரை மட்டும் வைத்து ஒருமுறை.

திருமணப் பதிவு இங்கே அகப்படாவிட்டால் வியக்க வேண்டாம். போருக்கு முந்தைய அறிக்கைகளில் இந்தியப் பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவு. மனைவி ஊரிலேயே இருந்திருப்பார். அந்த ஊர்ப் பெயர் அரசாங்கத் தாளில் இல்லாமல், மணியார்டர் ரசீதிலோ குலதெய்வக் கோயில் வரி ரசீதிலோ இருக்கக்கூடும். பாட்டியின் டிரங்குப் பெட்டியை முதலில் திறங்கள்.