படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு: எந்தப் பெயிண்டுக்கு எந்தத் தின்னர்?

இந்த மாதத்தில் இது மூன்றாவது படகு. 28 அடி ஃபைபர் படகு, பெயிண்ட் அடித்து எட்டு நாள் ஆகிறது. நகத்தை வைத்து அழுத்தினால் இன்னும் பதிகிறது. வலை உரசிய இடமெல்லாம் நீலம் வலையோடு வந்துவிட்டது. "மட்டமான பெயிண்டைத் தலையில கட்டிட்டாங்கண்ணே" என்றார் படகுக்காரர். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். நல்ல டூ-பேக் பாலியூரித்தேன் பெயிண்ட், அதாவது பெயிண்ட் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு டப்பா, இரண்டையும் கலந்து அடிப்பது. ஹார்ட்னரையும் சரியான அளவில்தான் கலந்திருக்கிறார். கடையில் அதற்குரிய தின்னர் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்) தீர்ந்துபோனதால் என்.சி. தின்னரை, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான தின்னரைக் கொடுத்து, "எல்லாத் தின்னரும் ஒண்ணுதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒன்று இல்லை. நாகப்பட்டினம் பக்கம் பல வருடமாக ஃபைபர் வேலையும் பெயிண்ட் வேலையும் பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது சின்னப் படகுக்காரர்களும் பெயிண்ட் வேலையை எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் இதே பேச்சு, இதே சேதம். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிறோமே, அந்த எனாமலுக்கு உரியது மினரல் டர்பன்டைன். அது மெதுவாக ஆவியாகும். பிரஷ் போன தடம் தானாகச் சமமாக நேரம் கிடைக்கும். அதே எனாமலில் என்.சி. தின்னரை ஊற்றினால் பிரஷ் இழுக்கும்போதே காய ஆரம்பித்துவிடும், தடம் அப்படியே நிற்கும். அது மட்டுமா, அடியில் இருக்கும் பழைய எனாமலையும் இளக்கி, தோல் சுருங்குவதுபோலச் சுருக்கிவிடும்.

டூ-பேக்கில் கதை இன்னும் மோசம். பாலியூரித்தேன் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது பெயிண்டோடு சேர்ந்துதான் இறுக வேண்டும். ஆனால் ஈரம் கிடைத்தாலும் சேரும், ஆல்கஹால் கிடைத்தாலும் சேரும். என்.சி. தின்னர் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. பெயிண்டுக்குப் போக வேண்டிய ஹார்ட்னரைத் தின்னரே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அது இறுகாது. அந்தப் படகை முழுக்கச் சுரண்டித்தான் எடுத்தோம். அவருக்குப் பெயிண்ட் காசும் போச்சு, கூலியும் போச்சு, பத்து நாள் தொழிலும் போச்சு.

எபாக்ஸி பிரைமருக்கு எபாக்ஸி தின்னர். மண்ணெண்ணெய் எதற்கும் வேண்டாம், பிசுக்கு நிற்கும். பெட்ரோலைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு வைத்திருப்பது கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதை வாளியில் ஊற்றி, பக்கத்தில் பீடி பற்றவைக்கிற ஆட்களோடு வேலை செய்வதா? தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது, தின்னர் விட்டால் பெயிண்ட் "நிறைய வரும்" என்ற நம்பிக்கை. ஒரு லிட்டர் பெயிண்டில் கெட்டிப்பொருள், அதாவது காய்ந்தபின் மிஞ்சுவது, கன அளவில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் 40 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்க வேண்டுமென்றால் அது 12.5 சதுர மீட்டருக்குத்தான் வரும். கால் லிட்டர் தின்னர் விட்டாலும் அதே 12.5 தான். ஈரத்தில் 80 மைக்ரான் கனத்தில் அடிக்க வேண்டியதை இப்போது 100 மைக்ரானில் அடித்தால்தான் அந்தக் கனம் நிற்கும். படகின் பக்கச் சுவரில் அவ்வளவு நீர்த்த பெயிண்ட் நிற்குமா? வழியும். வழியாமல் இழுத்துத் தேய்த்தால் கனம் குறையும், அடுத்த வருடமே வெளுக்கும். எனாமலை பிரஷ்ஷில் அடிக்க 5 முதல் 10 சதவீதம் போதும். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் டப்பா சொல்வதைக் கேளுங்கள்.

பெயிண்ட் வாங்கும் முன் படகில் ஏற்கெனவே இருப்பது எது என்று பாருங்கள். வெள்ளைத் துணியை என்.சி. தின்னரில் நனைத்துப் பழைய பெயிண்டின் மேல் ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். இளகி நிறம் ஏறினால் அது எனாமல் மாதிரி ஒற்றை டப்பா பெயிண்ட். அதன்மேல் டூ-பேக் அடிக்காதீர்கள், பழைய பெயிண்டைத் தூக்கிவிடும். முழுதும் சுரண்ட வசதி இல்லையென்றால் எனாமலே அடியுங்கள். தினமும் மணலில் ஏற்றி இறக்குகிற படகுக்கு, வருடா வருடம் அடிக்கிறவருக்கு, அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். மீன் எண்ணெய் ஊறிய மர வள்ளத்துக்கும் டூ-பேக் வேண்டாம். எண்ணெயில் பிடிக்காது, பிடித்தாலும் மரம் அசையும்போது வெடிக்கும்.

பாசியும் கொட்டலசும் பிடிக்காமல் இருக்க அடிக்கும் செப்புப் பெயிண்ட், துறைமுகத்தில் தண்ணீரிலேயே கிடக்கிற படகுக்குத்தான். கரையேற்றுகிற படகில் அது மணலுக்குத்தான் போய்ச் சேரும். அந்தப் பெயிண்டில் செம்பு டப்பாவின் அடியில் தங்கிவிடும். மேலே இருப்பது நீர்த்திருக்கிறது, கீழே கட்டி என்று தின்னர் ஊற்றாமல் அடிவரை நன்றாகக் கிண்டுங்கள்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கையும், புதுப் படகானால் அச்சிலிருந்து வந்த மெழுகையும் துடைத்தபிறகே உப்புத்தாள். வரிசையை மாற்றினால் மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். காலையில் பனி ஈரம் காய்ந்தபின் தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே முடியுங்கள். இல்லாவிட்டால் பளபளப்பு மங்கிவிடும்.

டூ-பேக்கைக் கரையில் ஸ்பிரே அடிக்காதீர்கள். பிரஷ்ஷோ ரோலரோ போதும். ஐசோசயனேட் துளிகள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்தவருக்கு அடுத்தமுறை கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. ஹார்ட்னரைக் கலக்கப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள், அவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள். திறந்த ஹார்ட்னரை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம். கடற்கரை ஈரம் ஏறி டப்பா உப்பியிருக்கும், அதைக் கலந்தால் மறுபடி என்னிடம்தான் சுரண்ட வருவீர்கள்.