ஊபே என்பது இராசவள்ளிக்கிழங்கு

ஒரு சமையல் காணொளியின் கீழே ‘ஊதா உருளைக்கிழங்கு ஐஸ்கிரீம்’ என்று தமிழில் ஓடியது. பிலிப்பைன்ஸில் ஊபே என்று சொல்லும் கிழங்கைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அதற்கு முன் ஒரு பிஸ்கட் பெட்டியில் ‘ஊதா சர்க்கரைவள்ளி’ என்று பார்த்தேன். அதற்கும் முன் ஒரு செய்தித் துணுக்கில் ‘ஊதாச் சேனை’. மூன்றும் பிழை. இந்தக் கிழங்குக்குப் புதிதாகப் பெயர் கட்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சுகிறோம், பெயர் இராசவள்ளிக்கிழங்கு.

ஊபே பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழிச் சொல். மலாயில் உபி, சமோவாவில் உஃபி, ஹவாயில் உஹி எல்லாம் அதன் உடன்பிறப்புகள். கடலோடிகள் கிழங்கையும் பெயரையும் சேர்த்தே படகில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். தாவரவியலில் டயஸ்கோரியா அலாட்டா. அலாட்டா என்றால் சிறகுள்ளது. கொடியைக் கையில் பிடித்தால் சதுரத் தண்டின் நான்கு மூலையிலும் மெல்லிய விளிம்பு தட்டுப்படும். சரி, சொல்லின் கதை இவ்வளவுதான்.

‘ஊதா உருளைக்கிழங்கு’ ஏன் ஆகாது? அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் ஏற்கெனவே இருக்கிறான். பெருவின் ஆண்டிஸ் மலைகளில் உள்ளும் புறமும் ஊதாவான உண்மையான உருளைக்கிழங்கு விளைகிறது. கத்தரிக் குடும்பத்துச் செடி. ‘ஊதா சர்க்கரைவள்ளி’யும் அப்படியே. ஜப்பானின் ஒகினாவாவில் பெனி இமோ என்று விற்கும் ஊதாச் சர்க்கரைவள்ளி வேறு பயிர். அதன் பூ நம் வேலியில் ஏறும் காலைப்பூவைப் போல இருக்கும். ஊபே இரண்டுக்கும் உறவில்லாத மூன்றாவது குடும்பம். மூன்றையும் ஒரு தட்டில் வைத்தால் நிறம் ஒன்றுதான். நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

சேனை இன்னும் மோசம். சேனை கொடியே இல்லை. ஆங்கிலத்தில் இவ்வகைக் கிழங்குகளைச் சொல்லும் ‘யாம்’ என்ற சொல்லைக் கண்டதும் அகராதியைத் திறந்து முதலில் கிடைத்ததை ஒட்டும் பழக்கம்தான் இதைச் செய்திருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரைவள்ளியையும் யாம் என்று விற்கிறார்கள்; அவர்கள் ஊர்க் குழப்பத்தை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்?

இதில் எனக்கு ஆற்றாமை அதிகம், ஏனென்றால் வள்ளி என்ற சொல்லே இந்தக் குடும்பத்தினுடையது. புறநானூற்றில் (109) கபிலர் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ‘கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே’ என்பது அந்த அடி. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492-இல் அங்கே போன பிறகே இந்தப் பக்கம் வந்தவை. ஆகவே கபிலரின் வள்ளி அவையாக இருக்க முடியாது. காட்டில் படரும் டயஸ்கோரியாவாகத்தான் இருக்க வேண்டும். வந்தேறிகளுக்கு ‘சர்க்கரை’, ‘மர’ என்று முன்னொட்டுப் போட்டு நம் முன்னோர் அந்தப் பெயரை இரவல் கொடுத்தார்கள். இப்போது இரவல் வாங்கியவன் பெயரில் ஒரு ‘ஊதா’வைத் தைத்து உரியவனுக்கே போர்த்துகிறோம்.

அந்த ‘ஊதா’வும் உருது வழியாக வந்த சொல்தான். அதற்காக அதை விரட்டச் சொல்லவில்லை, நல்ல சொல். ஆனால் எல்லாவற்றுக்கும் அதைப் பெயராக ஒட்டுவது சோம்பல். கத்தரிக்காயையோ மங்குஸ்தானையோ யாராவது நிறம் சொல்லியா கேட்கிறோம்? தவிர, இதே இனத்தில் சதை வெள்ளையாக உள்ளதும் உண்டு. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காச்சில் என்கிறார்கள். அதில் வெள்ளையும் வரும், ஊதாவும் வரும். சிங்களத்தில் ராஜ அல, அதாவது ராசக் கிழங்கு. பக்கத்து மொழியும் அரசனுடைய பெயரையே வைத்திருக்கிறது.

ஊபே என்று எழுத்துப்பெயர்ப்பாகவே விட்டுவிடலாமே என்பார்கள். பலகாரத்தின் பெயரென்றால் விடலாம். ஊபேயை மசித்து இனிப்பாகக் கிண்டும் ஊபே ஹலாயா பிலிப்பைன்ஸ்காரர்களின் பண்டம். ஹலாயா என்பது ஸ்பானிய ஹலேயாவிலிருந்து வந்தது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் என்ன கிழங்கு என்று சொல்லும் இடத்தில் இராசவள்ளிக்கிழங்கு என்று எழுதுங்கள்.

லண்டனில் இருக்கும் என் மச்சாள் ஒருமுறை தமிழில் வந்த ஊபே செய்முறை ஒன்றைப் பார்த்து, அதில் போட்டிருந்தபடியே ஊதாச் சர்க்கரைவள்ளி வாங்கிக் கிண்டினாள். நிறம் வந்தது, பதம் வரவில்லை. தோல் சீவும்போதே விரலில் வழுக்கி ஒட்டுமே ஒரு பசை, அதுவும் சேர்ந்துதானே கஞ்சியைத் தடிக்க வைப்பது. சர்க்கரைவள்ளியில் அது எங்கே? அப்புறம் பிலிப்பினோ கடை ஒன்றில் துருவி உறையவைத்த ஊபே பொதி கிடைத்திருக்கிறது. அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தவள் உடனே எனக்கு ஃபோன் எடுத்தாள்: “இது அம்மம்மாவின்ர இராசவள்ளிக் கஞ்சியெல்லோ!”