ரேமில் இடம் இருந்தும் ‘மெமரி போதவில்லை’ என்று ஏன் வருகிறது?

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை இரவு பகலாக நடக்கும். போன வருடம் அப்படி ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அங்கே போட்டோஷாப்பில் டிசைன் செய்யும் தம்பி போன் செய்தார். “அண்ணே, மெமரி பத்தலைன்னு திரும்பத் திரும்ப வருது. ஏழு ஷீட் முடிச்சுட்டேன், எட்டாவதுல நிக்குது. காலையில பிரிண்டுக்கு அனுப்பணும். ரேம் மாத்திடலாமா?”

போய்ப் பார்த்தேன். மாலை மாற்றும் படம் திரை முழுக்க, அதன் நடுவில் எச்சரிக்கைப் பெட்டி. 8 ஜிபி ரேம் உள்ள கணினி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி கணினியில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ரேமில் இன்னும் ஒன்றரை ஜிபி காலியாகத்தான் இருந்தது. அப்புறம் எதற்கு எச்சரிக்கை?

முதலில் ஒரு படம் நினைவகத்தில், அதாவது ரேமில், எவ்வளவு இடம் கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஜேபெக் கோப்பு டிஸ்க்கில் சுமார் 10 எம்பி இருக்கும். அது மடித்துக் கட்டிய பட்டுப்புடவை மாதிரி. வேலை செய்ய வேண்டுமென்றால் முழுவதையும் விரித்தாக வேண்டும். 6000 × 4000 என்றால் 2.4 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக 72 எம்பி. ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட் எடுக்கும் 16 பிட்டில் திறந்தால் 144 எம்பி. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் ரா கோப்புகளைத் திருத்தும் டார்க்டேபிள் போன்ற மென்பொருள் ஒரு புள்ளிக்கு 16 பைட் எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். அதே படம் அங்கே 384 எம்பி.

ஆல்பம் ஷீட் இதைவிடப் பெரியது. 12 × 36 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600 × 10800, அதாவது 3.89 கோடி புள்ளிகள். வெறும் பின்னணி மட்டுமே 117 எம்பி. அதன்மேல் ஷீட் முழுவதையும் மூடும் லேயர், அதாவது கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு, ஒன்று வைத்தால், எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்பதற்கும் ஒரு பைட் சேர்ந்து 156 எம்பி. பூ வேலைப்பாடு, பளபளப்பு, மங்கலான பெரிய முகம் என்று ஆறேழு லேயர் சேர்ந்தால் ஒரே ஷீட் 1 ஜிபியைத் தொட்டுவிடும்.

இதோடு, செய்ததை மாற்றிப் பழையபடி ஆக்கும் ‘அன்டு’ வேறு இருக்கிறது. போட்டோஷாப் வழக்கமாகக் கடைசி 50 செயல்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் முழுப் படத்தையும் நகலெடுப்பதில்லை. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மாறிய கட்டங்களை மட்டும் பழைய நிலையில் எடுத்து வைக்கிறது. கன்னத்தில் ஒரு பருவை அழித்தால் ஓரிரு கட்டங்கள்தான் மாறும். படம் முழுவதையும் மங்கலாக்கினால், சாய்த்தால், அளவு மாற்றினால் எல்லாக் கட்டமும் மாறும். ஒரு முழு நகலே சேரும். பின்னணிக்கு இப்படி 50 தடவை செய்தால் அதற்கே 5.8 ஜிபி. யாரும் 50 தடவை செய்வதில்லைதான். ஆனால் கலர் பிடிக்காமல் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்கிற வேலையில் பத்துப் பதினைந்து தடவை சர்வசாதாரணம்.

இவ்வளவையும் ரேமில் வைக்க முடியாது என்பது இந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். 1990 பிப்ரவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியில் போட்டோஷாப் வெளிவந்தபோது அந்தக் கணினிகளில் இருந்த நினைவகம் சில எம்பிதான். வெளியே உள்ள சேமிப்பையே நினைவகம்போலக் காட்டும் உத்தி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இருந்தது. ஆனால் மெக்கின்டாஷ் இயங்குதளத்துக்கு அது 1991-இல்தான் வந்தது. அதுவரை காத்திருக்க முடியாததால், ரேமில் இடம் தீர்ந்தால் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எழுதி அங்கே கட்டங்களை வைக்கும் ஏற்பாட்டை மென்பொருளுக்குள்ளேயே செய்தார்கள். அதுதான் இன்றைக்கும் நாம் பார்க்கிற ‘ஸ்கிராட்ச் டிஸ்க்’.

இப்போது விண்டோஸுக்கு வருவோம். ஒரு மென்பொருள் “எனக்கு 500 எம்பி வேண்டும்” என்று கேட்டால், விண்டோஸ் உடனே ரேமில் அவ்வளவு இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. “சரி, கேட்கும்போது தருகிறேன்” என்று உறுதி கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் காலியாகத்தான் தெரியும். ஆனால் துண்டு கிடக்கிறதே, இன்னொருவர் உட்கார முடியாது. எல்லா சீட்டிலும் துண்டு விழுந்தபிறகு ஏறுகிறவருக்கு இடமில்லை.

மொத்தம் எத்தனை சீட் என்பதற்கு விண்டோஸின் கணக்கு: ரேம், அதோடு டிஸ்க்கில் உள்ள ‘பேஜ்ஃபைல்’ என்ற கோப்பு. இரண்டும் சேர்ந்ததுதான் எல்லை. பேஜ்ஃபைல் தேவைக்கேற்ப ஒரு வரம்புவரை தானாகவே பெரிதாகும், சி டிரைவில் இடம் இருந்தால். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதற்குள் ‘மெமரி’ போனால் கீழே ‘கமிட்டட்’ என்று சாய்கோட்டின் இருபக்கமும் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் விழுந்த துண்டுகள், இரண்டாவது எண் மொத்த சீட். எச்சரிக்கை வருவது இந்த இரண்டும் நெருங்கும்போது. ஸ்டுடியோவில் அன்றைக்கு இருந்தது 10.7/11.0.

சி டிரைவைத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கோடு, 600 எம்பிகூட மீதமில்லை. தம்பிக்கு ஒரே ஆச்சரியம். “காலையில 15 ஜிபி ஃப்ரீ இருந்துச்சுண்ணே, நான் எதையும் காப்பி பண்ணலையே!”

அவர் காப்பி செய்யவில்லை. ஸ்கிராட்ச் டிஸ்க் எது என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருள் சி டிரைவையே எடுத்துக்கொள்ளும். ஏழு ஷீட்டையும் மூடாமல் திறந்தே வைத்திருந்ததால் அந்தத் தற்காலிகக் கோப்பு மணிக்கு மணி ஊதிக்கொண்டே போய் டிரைவை நிரப்பிவிட்டது. பேஜ்ஃபைல் வளர இடமில்லை. சீட்டின் எண்ணிக்கை 11-லேயே நின்றுவிட்டது. ரேமை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடே சுற்றி வந்து மெமரி எச்சரிக்கையாக முளைத்திருக்கிறது. மென்பொருளை ஒழுங்காக மூடினால் அந்தக் கோப்பு தானாக அழிந்துவிடும். அதனால் கணினியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். மறுநாள் மாலை மறுபடி வரும். கிராஷ் ஆனால் அந்தக் கோப்பு அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

முடித்த ஷீட்டுகளைச் சேமித்து மூடினோம். ‘ப்ரிஃபரன்சஸ்’ உள்ளே ஸ்கிராட்ச் டிஸ்க்கை டி டிரைவுக்கு மாற்றினோம், அன்டுவுக்காக நினைவில் வைக்கும் ‘ஹிஸ்டரி’ எண்ணிக்கையை 50-லிருந்து 20 ஆக்கினோம், மென்பொருளை மூடித் திறந்தோம். சி டிரைவில் இடம் திரும்பியது. இருபது நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை.

இரண்டு தவறான யோசனைகள் பரவலாக உலவுவதால் அவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, வேகம் கூடும் என்று பேஜ்ஃபைலை அடியோடு நிறுத்திவிடுவது. அப்படிச் செய்தால் மொத்த சீட்டே குறைகிறது. எச்சரிக்கை இன்னும் சீக்கிரம் வரும். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. இன்னொன்று, மென்பொருளின் மெமரி அளவை 70 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏற்றுவது. மற்ற வேலைகளுக்கு ரேம் இல்லாமல் விண்டோஸ் எல்லாவற்றையும் டிஸ்க்குக்குத் தள்ளும், திரும்ப எடுக்கும், மறுபடி தள்ளும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே அளவில் எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கக் கால் மணி நேரமும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மவுஸ் அம்புக்குறி அசையாமல் நிற்கிறதே, அது இந்தக் காத்திருப்புதான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நினைவகம் தீர்ந்துவிட்டது என்று அங்கே செய்தி வந்தால் முதலில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

ரேம் உண்மையிலேயே போதாமல் இருப்பதும் உண்டு. போட்டோஷாப் ஜன்னலின் கீழ் ஓரத்தில் கோப்பின் அளவு காட்டும் இடத்தில் சிறிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி ‘எஃபிஷியன்சி’யைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சதவீதம் தெரியும். 100 என்றால் வேலை முழுவதும் ரேமிலேயே நடக்கிறது. குறைந்தால் ஸ்கிராட்ச் டிஸ்க்குக்குப் போய் வருகிறது என்று பொருள். ஒரே ஒரு ஷீட்டைத் திறந்து, பிரவுசரையும் மூடிவிட்டு வேலை செய்யும்போதும் அது 100-க்குக் கீழேயே கிடந்தால் தாராளமாக ரேம் வாங்கலாம். ஸ்டுடியோ தம்பியை ஒரு வாரம் அதைக் குறித்து வைக்கச் சொன்னேன். பெரிய ஷீட்டுகளில் எண் எண்பதுக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனியில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொடுத்தேன்; ஸ்கிராட்ச் டிஸ்க் மட்டும் டி டிரைவிலேயே இருக்கிறது.